திரும்பி வருகிற ஆள்

முன்னொரு காலத்திலே, முன்னொரு காலம் என்றால் ராசாவும் மந்திரியும் இருந்த காலம் இல்லை, வீட்டுக்கு வீடு செல்போன் வந்தும் சிக்னலுக்காகத் தண்ணீர்க்கரை வரைக்கும் நடக்க வேண்டியிருந்த காலத்திலே, ஆறா கடலா என்று தண்ணீருக்கே தெரியாத ஒரு முகத்துவாரத்தின் நடுவிலே, ஆலாத்திட்டு என்று ஓர் ஊர் இருந்தது. ஊர் என்றால் சுற்றிலும் தண்ணீர், நடுவிலே கொஞ்சம் மணல், மணலிலே கொஞ்சம் தென்னை, தென்னைக்குக் கீழே மீன் பிடிக்கிற சனங்களின் வீடுகள், ஒரு மாரியம்மன், ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான். ஆறாம் வகுப்பும் ஆஸ்பத்திரியும் ரேஷன் கடையும் அக்கரையிலே இருந்தன.

அந்த ஊரிலே குணவதி என்று ஒருத்தி, அவளுக்கு நாகூரான் என்று ஒரு புருசன், மூன்றாவது படிக்கிற தையல்நாயகி என்று ஒரு பெண்பிள்ளை. ஒரு கார்த்திகை மாதம், ஆற்றுத்தண்ணீரும் கடல்தண்ணீரும் முட்டிக்கொள்ளும் நட்டநடு இடத்தில் நாகூரானின் படகு கவிழ்ந்தது. படகு கிடைத்தது, துடுப்பு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. ஊர்ப் பெண்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வெள்ளைச் சேலையோடு வந்தார்கள். குணவதி வாசலிலேயே நின்றுகொண்டு, "வந்தவங்க காப்பி குடிச்சிட்டுப் போங்க, சேலையை வேற யாருக்காவது குடுங்க" என்று சொல்லிவிட்டாள். அழிக்காத பொட்டோடும் அறுக்காத தாலியோடும் அவள் மீன் கூடை தூக்கினாள், நெற்றி நிறைய வைத்துக்கொண்டு படகேறி அக்கரைச் சந்தைக்குப் போனாள். முதலில் ஊர் முகம் சுளித்தது, பிறகு பழகிப்போனது, ஊருக்குப் பழகாதது என்ன இருக்கிறது.

ஐந்து வருசம் கழித்துப் பாலம் வருகிறது என்று சொன்னார்கள். அதுவும் நம் ஊர் ஆட்கள் கட்டவில்லை, டென்மார்க்கிலே பாலத்துக்குப் படம் போட்டுக் கொடுத்தே பேர் வாங்கின ஒரு கம்பெனி, ஆறு கண்ட இடமெல்லாம் அவர்களைத்தான் கூப்பிடுவார்களாம், அவர்கள் போட்ட பாலத்தில் நடந்தால் நடக்கிறதே தெரியாதாம் என்றெல்லாம் பேச்சு வந்தது. "தரங்கம்பாடியில வந்து எறங்குனவங்க கோட்டைய கட்டிட்டுப் போனாங்க. இப்பதான் அடுத்த வேலைக்கு வந்திருக்காங்க" என்றான் செல்லப்பன். அவன் கொஞ்சம் வாய்க்காரன். "மூணாவது வேலைக்கு வரும்போது நம்ம பேரப்புள்ளைங்க இருக்கும்."

பாலம் வருவதற்கு முன்னால் பாலத்தின் பொம்மை வந்தது. வலை பின்னும் கூடத்தில் மேசை போட்டு, அதன்மேல் கண்ணாடிப் பெட்டி வைத்து, அதற்குள் வெள்ளை அட்டையில் வெட்டின ஆறு, வெள்ளை அட்டையில் வெட்டின தென்னை, மயிலிறகை வளைத்தாற்போல ஒரு நடைபாலம், அதன்மேல் விரல்நகம் உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாய் மனுசர்கள். ஒருத்தன் சைக்கிள் தள்ளினான், ஒரு குழந்தை பலூன் பிடித்திருந்தது, ஒரு நாய்கூட இருந்தது. நீங்களெல்லாம் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று மெட்ராஸ் இஞ்சினியர் ஜெபராஜ் சொல்லிவிட்டுப் போனார்.

ஆண்கள் பாலத்தைப் பார்த்தார்கள். பெண்கள் பாலத்தின்மேல் நின்ற ஆட்களைப் பார்த்தார்கள். செல்லப்பன் பெண்சாதி தனபாக்கியம்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்னாடி இது, ஒரு ஊரே தாலியறுத்துட்டு நிக்கிறாப்ல இருக்கு. வெள்ளச் சேல, வெறும் நெத்தி. இத நடு ஊர்ல வச்சா வெளங்குமா?"

விளங்காது என்று எல்லாருக்கும் தோன்றியது. அன்று வெள்ளிக்கிழமை. கண்ணாடியைத் தூக்கி வைத்துவிட்டு, தீக்குச்சி முனையில் குங்குமம் தொட்டு ஒவ்வொரு பெண்ணுக்கும் பொட்டு வைத்தார்கள், ஆண்களுக்கு ஈர்க்குச்சியால் திருநீறு. பொட்டு வைத்த பிறகு பேரில்லாமல் நிற்கலாமா, வீட்டுக்கு வீடு ஆள் பிரித்தார்கள். இது நீ, இது உன் மாமியார், இது உன் மாமியாரைவிட ஒல்லியாக இருக்கிறதே, இருக்கட்டும் மருந்து சாப்பிட்டு இளைத்துவிட்டாள் என்று வை. செல்லப்பனுக்குச் சைக்கிள்காரன் வந்தான். சைக்கிளே ஓட்டத் தெரியாதவனுக்கா என்று கூடம் சிரித்தது. பலூன் பிடித்த குழந்தைதான் வேண்டும் என்று தையல் அடம்பிடித்தாள். எட்டாவது படிக்கிற பெண்ணுக்குப் பலூனா என்று கேட்டார்கள், அவள் விடவில்லை.

குணவதி தன் பொம்மைக்குப் பொட்டு வைத்துவிட்டு, மீதம் நின்ற ஒன்றைக் காட்டினாள். "இது எங்க வூட்டுக்காரரு."

தனபாக்கியம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "இல்லாத ஆளுக்கு எதுக்குடி ஆளு?"

"அவரு செத்தத நீ பாத்தியா அக்கா?"

"நான் பாக்கல. ஊரு பாத்துச்சு."

மீதம் நின்றவன் அந்த வருசம் தாலி கட்டிக் கூட்டிவந்த ஒரு புது மாப்பிள்ளைக்குப் போனான். நாகூரானுக்கு அந்தப் பாலத்தில் இடமில்லாமல் போயிற்று.

அப்புறம் பாலம் வரவில்லை. அளக்க வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை, ஜெபராஜும் வரவில்லை. எங்கேயோ எதுவோ நின்றுபோனது என்று பேச்சு வந்தது, அதுவும் நின்றுபோனது. பொம்மை மட்டும் கூடத்தில் கிடந்தது. ஒருநாள் காலையில் வலை பின்ன வந்தவர்கள், தனபாக்கியத்தின் பொம்மை ஒரு காலை முன்னால் எடுத்து வைத்திருப்பதைப் பார்த்தார்கள்.

அது அக்கரையைப் பார்த்து நின்றது. அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள், எல்லாப் பொம்மையும் அக்கரையைப் பார்த்துத்தான் நின்றன, சைக்கிள்காரனும் நாயும்கூட. இக்கரையைப் பார்த்து ஒன்றுகூட இல்லை.

செல்லப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். கண்ணாடியைத் தூக்கி, இரண்டு விரலால் பெண்சாதியின் பொம்மையைப் பிடித்து ஊர்ப் பக்கம் திருப்பப் பார்த்தான். பாலமும் பொம்மையும் ஒரே அட்டையில் வெட்டியது போல, திரும்பவில்லை, முட்டிக்குக் கீழே மடக்கென்றது. அதே நேரம் வீட்டு அடுப்படியில் தனபாக்கியம் கால் மடங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கண்ணாடியைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் அவள் தண்ணீர்க்கரைக்குப் போனாள், நொண்டிக்கொண்டே தண்ணீர்மேல் ஏறினாள். ஏறினாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொம்மைப் பாலம் எங்கே எழும்பியதோ அங்கே எழும்பினாள், எங்கே வளைந்ததோ அங்கே வளைந்தாள், கட்டாத பாலத்தின்மேல் ஆலாப் பறவைகளுக்கு நடுவே நடந்து அக்கரையில் இறங்கினாள். இறங்கினதும் வயிறு கேட்டது, டீயும் பன்னும் வாங்கித் தின்றுவிட்டு, அடுப்பில் உலை வைத்தது ஞாபகம் வந்து திரும்பப் படகேறினாள். படகு பாதித் தண்ணீரில் மூக்கைத் திருப்பிக்கொண்டது. துடுப்புப் போட்டவன் வலமாகப் போட்டான், இடமாகப் போட்டான், கடைசியில் ஏறின கரையிலேயே இறக்கிவிட்டான். திரும்பி வருகிற மாதிரி ஒட்டாத ஆளை எந்தப் படகும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

ஊர் கூடிப் பேசியது. பேசி என்ன, நடப்பது நடந்துகொண்டிருந்தது. ஐப்பசிக்குள் பாதி ஊர் நடந்துவிட்டது. காலையில் எழுந்ததும் பஞ்சாங்கம் பார்ப்பது போல ஒருத்தர் கூடத்துக்குப் போய் யார் கால் எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து வந்து சொல்வார், அந்த வீட்டில் அன்றைக்குச் சோறு கொஞ்சம் நல்ல சோறாக ஆகும். போகிறவர்களுக்கு மாரியம்மன் கோயில் வேப்பிலையும் ஒரு தேங்காயும் கொடுத்து அனுப்புவது வழக்கமாயிற்று. வலை கட்டுகிறவர்கள் பாலம் போகிற தடத்தை விட்டுவிட்டுக் கட்டினார்கள், நடக்கிறவர்கள் காலில் சிக்கக்கூடாது என்று. பாலத்தின்மேல் செருப்புப் போடலாமா கூடாதா என்று பஞ்சாயத்தில் ஒரு முழுச் சாயங்காலம் சண்டை. "கட்டாத பாலம் தேஞ்சா போயிரும்?" என்று செல்லப்பன் கேட்டதோடு அது முடிந்தது. அக்கரையில் டீக்கடைக்காரர் இறங்குகிறவர்களுக்கு முதல் டீயைச் சும்மா கொடுத்தார். மினி பஸ் அந்த இடத்தில் நின்று போகத் தொடங்கியது, கண்டக்டர் "பாலத்தடி, பாலத்தடி" என்று கத்தினார், பாலம் எங்கே என்று கேட்டவர்களைப் பட்டிக்காட்டான் என்று நினைத்தார்கள்.

செல்லப்பன் முறை வந்தபோது, யார் வீட்டிலும் இல்லாத ஒரு சைக்கிள் விடியும்போது அவன் வாசலில் சாய்ந்து நின்றது. "போறதுதான் போறோம், ஒரு மோட்டார் வண்டியா ஒட்டியிருக்கக் கூடாதா இந்த வெள்ளக்காரன்" என்று சொல்லிக்கொண்டே அதைத் தள்ளிக்கொண்டு போனான். சிரித்தவர்கள் அழுதார்கள்.

தையல் போன அன்று பள்ளிக்கூட யூனிபார்ம் போட்டிருந்தாள். குணவதி கரையில் அவள் பையைப் பிடித்துக்கொண்டாள், சடையைப் பிடித்துக்கொண்டாள், கடைசியில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் தண்ணீர் கையைத் தட்டிவிட்டது. வழி முழுக்கப் பிள்ளை ஒரு கையை மேலே தூக்கியபடியே நடந்தாள், எதையோ பிடித்திருப்பது போல.

அக்கரையில் தனபாக்கியத்தின் வாடகை வீட்டில் தையல் தங்கினாள், ஒன்பதாவது போனாள், பத்தாவது போனாள். குணவதியின் பொம்மை மட்டும் கால் எடுக்கவில்லை. கால் எடுக்காதவர்களைப் படகு முன்போலவே கொண்டுபோய்க் கொண்டுவந்தது. அதனால் அவள் தினம் தூக்குவாளியில் குழம்பு ஊற்றிக்கொண்டு படகேறிப் போவாள், பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவாள், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள்.

"இங்கயே இரேன்மா."

"அப்பா வந்து பாத்தா ஊட்ல யாரு இருப்பா?"

"அப்பா எங்கம்மா வரப்போறாரு."

"வாய மூடு. தலைய ஆட்டாத."

கடைசியில் நாயும் போனது. ஆலாத்திட்டில் குணவதி ஒருத்தியும் மாரியம்மனும் மிஞ்சினார்கள். அம்மனுக்குப் பொம்மை இல்லாததால் அம்மன் போகவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு படகு வந்தது. ஜெபராஜ் குடை பிடித்திருந்தார், குடைக்குக் கீழே உயரமாய், நரைத்த முடியோடு ஒரு டேனிஷ்கார அம்மாள் இருந்தாள். அவள் பேர் போதில் என்றார் ஜெபராஜ். பாலத்துக்குப் படம் போட்டவள் அவள்தான், வேலை நின்றுவிட்டதால் பொம்மையைத் திரும்ப எடுத்துப்போக வந்திருந்தாள். கூடத்துக்குள் போனவள், அக்கரை முனையில் பொட்டும் திருநீறுமாய்க் குவிந்து நின்ற கூட்டத்தையும், இக்கரையில் தனியாக நின்ற ஒருத்தியையும், முட்டி ஒடிந்த ஒருத்தியையும் பார்த்தாள். பார்த்துவிட்டு நனைந்த செருப்போடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குணவதி அவளுக்குத் துண்டு கொடுத்தாள், வரக்காப்பி கொடுத்தாள், நடந்ததெல்லாம் சொன்னாள். ஜெபராஜ் இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மாள் நடுவில் நிறுத்தி அப்படியா என்று கேட்கவில்லை.

"எல்லாத்தையும் எதுக்கு ஒரே பக்கமா நிறுத்துனீங்கன்னு கேளுங்க சார்" என்றாள் குணவதி.

போதில் சொன்னதை ஜெபராஜ் தமிழில் சொன்னார். "அவங்க ஆபீஸ்ல புதுசா சேர்றவங்கதான் ஆளுங்கள ஒட்டுவாங்களாம். வெளிச்சம் வர்ற பக்கம் பார்த்து ஒட்டச் சொல்லுவாங்களாம், போட்டோ எடுத்தா முகம் தெரியணும்னு."

"மொகமே இல்லையே சார்."

ஜெபராஜ் அதைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார். அந்த அம்மாள் தலையை ஆட்டினாள், ஆமாம் என்கிற மாதிரி.

"திரும்பி வர்ற மாதிரி யாரையுமே ஒட்டுறதில்லையா?"

"பாலம் போறதுக்குத்தான்னு நினைச்சுட்டோம்னு சொல்றாங்க."

மழை கூரையைப் பிய்த்தது. குணவதி எழுந்து கண்ணாடியைத் தூக்கி வைத்தாள். யாரும் தொடாத கண்ணாடி. "இந்தப் பக்கம் பாக்குற மாதிரி ஒரு ஆளு வெட்டித் தரச் சொல்லுங்க."

போதில் பையைக் குடைந்தாள். ஒரு சின்னக் கத்தி இருந்தது, அதே வெள்ளை அட்டையில் ஒரு துண்டு, தீப்பெட்டி அளவுக்கு, அதுவும் ஓரம் நனைந்து. நனைந்ததைக் கழித்துவிட்டுக் காட்டினாள்.

"ஒரு ஆளுதான் வருமாம்" என்றார் ஜெபராஜ். பிறகு அவராகவே சொன்னார், "உங்க பொண்ணுக்கு வெட்டிக்கங்கம்மா. இல்லன்னா உங்களுக்கு. என்னைக்கு இருந்தாலும் உங்க பொம்மையும் கால் எடுக்கும் இல்ல?"

"நான் ஊட்லதான சார் இருக்கேன். ஊட்ல இருக்கறவளுக்குத் திரும்பி வர ஆளு எதுக்கு?" என்றாள் குணவதி. "பிள்ளையையும் தினம் பாக்கறேன். பாக்காதவரு ஒருத்தருதான்."

எப்படி இருப்பார் என்று கேட்டார்கள். இடது தோள் கொஞ்சம் ஏறியிருக்கும், துடுப்பு தூக்கித் தூக்கி. வலை அந்தத் தோளில்தான் கிடக்கும். நடக்கும்போது குனிந்துதான் நடப்பார், ஏதோ கீழே போட்டுவிட்டவர் போல. போதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள். விரல்நகம் உயரத்துக்கு நாகூரான் அவள் உள்ளங்கையில் நின்றான், முகம் இல்லாமல், அப்படியே நாகூரானாய். எங்கே ஒட்ட என்று கேட்டபோது குணவதி பாலத்தின் நட்டநடுவைக் காட்டினாள், கவிழ்ந்த இடம் அதுதான். ஊரைப் பார்த்து ஒட்டினார்கள். குணவதி ஈர்க்குச்சியால் திருநீறு வைத்தாள். அந்த அம்மாள் பொம்மையை எடுத்துப்போகவில்லை, வெறுங்கையோடு படகேறினாள்.

மறுநாள் தலை பின்னும்போது குணவதி இதையெல்லாம் மகளிடம் சொன்னாள். பின்னி முடித்து ரிப்பன் கட்டின பிறகு தையல் கேட்டாள்.

"ஒரு ஆளுதான் வந்துச்சா?"

"ஒண்ணுதான்."

"எனக்குன்னு ஒனக்குத் தோணவே இல்லையாம்மா?"

"நீ இங்க படிக்கற. ஒனக்கென்ன கொறச்சல்."

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத் தையல் பஸ்ஸுக்குப் போனாள். கையாட்டவில்லை.

மழை விட்டுத் தை பிறந்து, ஒருநாள் காலையில் குணவதி கூடத்துக்குப் போனாள். பாலத்தின் நடுவில் வலைக்காரன் ஒரு காலை எடுத்து வைத்திருந்தான், ஊரைப் பார்த்து. இக்கரையில் தனியாக நின்றவளும் ஒரு காலை எடுத்து வைத்திருந்தாள், அக்கரையைப் பார்த்து.

அவள் ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள், வேறு என்ன செய்வது. வீட்டுக்கு வந்து வாசல் பெருக்கினாள், கோலம் போட்டாள். வலையில் இரண்டு மடவை மீன் கிடந்தது, அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தாள், அவருக்குப் புளி தூக்கலாக இருக்க வேண்டும். சோறு வடித்தாள். பெட்டியிலிருந்து அவர் கைலியை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். அம்மனுக்கு விளக்கேற்றி, எண்ணெய் நிறைய ஊற்றினாள். கதவைச் சாத்தாமல் விட்டாள். மறுநாள் விடிந்ததும், வேப்பிலை கொடுக்க யாரும் இல்லாததால் தானே ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு, தண்ணீர்மேல் ஏறினாள்.

காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை, ஆனாலும் கால் இறங்கவில்லை. நிற்கப் பார்த்தாள், நிற்க முடியவில்லை. திரும்பப் பார்த்தாள், கழுத்துகூடத் திரும்பவில்லை. அக்கரையில் ஆட்கள் சிறுசிறு பொம்மைகளாக நின்றார்கள், செய்தி எப்படியோ போயிருந்தது, எல்லாருக்கும் முன்னால் பள்ளிக்கூட யூனிபார்மில் ஒரு பிள்ளை.

நடுவில், ஆறும் கடலும் முட்டுகிற இடத்தில், தண்ணீரிலிருந்து படியேறி வருவதுபோல அவன் ஏறி வந்தான். போன அன்றைக்கு இருந்த அதே கைலி, அதே வலை, ஒரு முடிகூட நரைக்கவில்லை. பாலம் ஒடுக்கம், ஒருத்தர் ஒதுங்கினால்தான் ஒருத்தர் போகலாம்.

"எங்க கெளம்பிட்ட?" என்றான் நாகூரான், சந்தைக்குப் போகிறவளைக் கேட்பது போல.

"அக்கரைக்கு."

"ஏன் எளச்சுட்ட? பாப்பா எங்க?"

"அக்கரையிலதான். பத்தாவது படிக்குது."

"பத்தாவதா" என்று அவன் சிரித்தான், அவள் விளையாடுகிறாள் என்று நினைத்து. "நேத்துதான மூணாவதுக்குப் பொஸ்தவம் வாங்குனோம்."

அவன் கால் நடந்துகொண்டே இருந்தது, அவள் காலும். தோள் தோளில் இடித்தது, அவன் தோள் ஈரமாக இருந்தது, வலையில் பாசி நாறியது. பிடிக்கலாம் என்று கையை நீட்டினாள். வலையின் ஓரம் விரலில் பட்டு, விரலைவிட்டு இழுத்துக்கொண்டு போனது.

"பசிக்குது குணவதி."

"கொழம்பு அடுப்புமேல இருக்கு" என்று அவள் முன்னால் பார்த்தபடியே சொன்னாள், அவன் பின்னால் போய்க்கொண்டிருந்தான். "சோறு வடிச்சு மூடியிருக்கு. கைலி கொடியில கெடக்கு. ஈரத்தோட உக்காராதீங்க."

"நீ எப்ப வருவ?"

அவள் பதில் சொல்வதற்குள் காற்று வந்து பேச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அக்கரையில் இறங்கினதும்தான் கழுத்து திரும்பியது. அவன் தென்னைகளுக்குள் போய்க்கொண்டிருந்தான், குனிந்தபடி, ஏதோ போட்டுவிட்டவன் போல. தையல் அப்பா அப்பா என்று கூப்பிட்டாள். வெட்டின கத்தி அவனை ஊரைப் பார்த்துத்தான் வெட்டியிருந்தது, அவனால் திரும்ப முடியவில்லை. பிள்ளை பார்த்ததெல்லாம் முதுகுதான். கொஞ்ச நேரத்தில் அந்த ஒரு வீட்டிலிருந்து மட்டும் புகை எழும்பியது, குழம்பைச் சூடு பண்ணுகிறான் போல.

"ஒங்க அப்பா மாதிரிதான் இருந்தாரு" என்றாள் தனபாக்கியம் தையலிடம். அன்றைக்கும் டீக்கடைக்காரர் முதல் டீயைச் சும்மா கொடுத்தார். குணவதி குடிக்கவில்லை, கையில் வைத்திருந்தாள், ஆடை படிந்தது. மினி பஸ் வந்து நின்று போனது. சனங்கள் ஒவ்வொருத்தராய்க் கலைந்தார்கள், தனபாக்கியம் நொண்டிக்கொண்டு போனாள், செல்லப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

"அப்பா என்னைப் பாக்கவே இல்லம்மா."

"பாக்க முடியாது கண்ணு அவரால."

தையல் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள், பாதி வழியில் ஒரு கையை மேலே தூக்கப் போய், இறக்கிக்கொண்டாள்.

புகை நின்றது. சாப்பிட்டு முடித்திருப்பான். கை கழுவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பான், தண்ணீர்ப் பக்கம் திரும்ப முடியாமல் வீட்டைப் பார்த்து, எப்போது வருவாள் என்று. குணவதி ஆறின டீயை மண்ணில் ஊற்றிவிட்டுக் கிளாசைப் பெஞ்சில் வைத்தாள், வேப்பிலையை இடுப்பில் செருகிக்கொண்டாள், பிள்ளை போன வழியே நடந்து போய்விட்டாள்.